குரலுக்குப் பத்து மண்டகப்படி

உலகம்மாளின் குரல் அவளை விட்டுப் போன வெள்ளிக்கிழமை ஆவுடையாபேரியில் காலையிலிருந்தே கரண்டு இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று நிறுத்தியிருந்தார்கள். அதனால் ஊருக்கு விஷயம் எட்ட மறுநாள் ஆகிவிட்டது, அதற்குள் உலகம்மாளும் அவள் புருஷன் தளவாயும் பதறி, அழுது, ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு, ஒருவாறு அதற்குப் பழகியும் விட்டிருந்தார்கள்.

பதினோரு வருஷமாக, வெள்ளிக்கிழமை தவறாமல், சாயங்காலம் நாலு மணிக்கு, "வெயில் தாழ" என்ற பாட்காஸ்டை நடத்தி வந்தவள் அவள். தீப்பெட்டி ஆபீசில் டப்பி அடுக்குகிற பெண்களும், கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர்களும், ரயில்வே கேட்டைத் திறந்து மூடுகிறவரும், இவர்களுக்குப் பிறந்து துபாயில் ஏசி மாட்டிக்கொண்டிருக்கிற பிள்ளைகளும் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு காத்திருப்பார்கள். நாலு அடித்ததும் "வெயில் தாழ்ந்திருச்சு, வாங்க, செத்த நேரம் உக்காருங்க" என்று அவள் கூப்பிடுவாள். யாருடைய கல்யாணம் ஆட்டுக்கிடாயால் நின்றுபோனது, யார் லாட்டரி விழுந்த மறுநாள் சீட்டை வெற்றிலையோடு மென்றார், எந்த மாமியாரும் மருமகளும் இருபது வருஷம் பேசாமல் இருந்து ஒரே ஆஸ்பத்திரி அறையில் சிரித்துத் தொலைத்தார்கள் என்று சொல்லுவாள், நடுநடுவே தானே சிரிப்பாள், பெருமூச்சு விடுவாள், கேட்கிறவர்களுக்கு அன்றைக்கு வாரச்சம்பளம் வாங்கியதைவிட அதுதான் பெரிதாக இருக்கும்.

தளவாயின் மெத்தைக் கடைக்குப் பின்னால் இலவம்பஞ்சு மூட்டை அடுக்கிய அறை ஒன்று உண்டு. வெளிச்சத்தம் உள்ளே வராது. அங்கே உட்கார்ந்துதான் அவள் பேசுவாள், தளவாய் தும்மலை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தும்மல்தான் பதிவாகியிருக்கிறது, அதற்கும் நேயர்கள் "நூறாயுசு அண்ணாச்சி" என்று எழுதினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பேட்டரி மைக்கில் அவள் சொன்னது இதுதான்: "மக்களே, இது ஐநூத்தி எழுவத்தி ரெண்டாவது வெள்ளிக்கிழமை. இத்தோட முடிச்சுக்கிடுதேன். இனிமே பேசப் போறதில்ல, எழுதப் போறேன். கோவிச்சுக்கிடாதீங்க." சொல்லிவிட்டுத் தளவாய் பக்கம் திரும்பி, மைக்கை அணைக்கச் சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. திருநெல்வேலியில் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, "தொண்டை புது வீடு மாதிரி இருக்கும்மா, ஆள்தான் குடியில்ல" என்று சொல்லி வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை அவள் ஏன் நிறுத்தினாள் என்று ஊர் ஆளுக்கொன்று பேசியது. கண்திருஷ்டி என்றார்கள், சினிமாவில் கூப்பிட்டுவிட்டார்கள் என்றார்கள். காரணம் பேச்சி.

பேச்சி உலகம்மாளின் தங்கை, அஞ்சு வயது இளையவள். குலதெய்வத்தின் பெயரை வைத்து முடித்த பிறகுதான் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தது, மாற்றினால் பேச்சியம்மன் கோபித்துக்கொள்ளும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அச்சாபீஸ் தெருவில் டிடிபி கடை வைத்திருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று பதினெட்டு வயதிலேயே எழுதிக் காட்டிவிட்டு, ஊர்க்காரர்களின் கல்யாணப் பத்திரிகை அத்தனையும் அவள்தான் அடிக்கிறாள். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கலெக்டருக்கு மனு என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாவற்றையும் எல்லோருக்கும் முந்தி வாசித்துவிடுகிறவள், அக்காளின் பாட்காஸ்டில் ஒரு வார்த்தை அறியாதவள்.

போன ஆவணியில் பத்திரிகை அடிக்க வந்த ஒரு பெண் பேச்சியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே கொய்யா மரத்துப் பேச்சி?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். பேச்சிக்கு விளங்கவில்லை. அந்தப் பெண்ணே முழுக் கதையையும் எழுதினாள்: ஏழு வயதில், பள்ளிக்கூட லீவில், பேச்சி ஹெட்மாஸ்டர் வீட்டுக் கொய்யாவில் ஏறியது, அவர் கீழே நின்று தொண்டை கட்டும் வரை கத்தியது, மேலே இருந்தவள் ஒன்றும் கேட்காமல் நிம்மதியாகத் தின்று கொட்டையை அவர் வழுக்கையில் துப்பியது. பேச்சி அன்றைக்கே கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்தாள். "என்னைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று முதல் பக்கத்தில் எழுதினாள். வந்தவர்கள் பிரியமாகத்தான் எழுதினார்கள். மூன்று வாரத்தில் நாற்பத்தோரு கதை சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்காள் வீட்டுக்கு வந்தவள் இலையில் உட்காராமல் நோட்டை நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. "ஊருக்கெல்லாம் சொன்ன, எனக்கு மட்டும் சொல்லல."

உலகம்மாள் மனதில் கள்ளம் எதுவும் கிடையாது. தினமும் பார்க்கிற தங்கச்சி, அவள் கதை அவளுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டாள். ஊர் சிரிக்கிறபோது தங்கச்சியும் உடன் இருந்து சிரிப்பதாகவே பதினோரு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். அது எவ்வளவு பெரிய பிசகு என்று அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பேச்சி அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துப் போனாள், காது கேளாதவள் கண்ணையும் திருப்பிக்கொண்டால் அவளிடம் போய்ச் சேர வேறு வழியே இல்லை. அப்போதுதான் உலகம்மாள் முடிவு செய்தாள், பேசினது போதும், ஒரு புத்தகம் எழுதவேண்டும், அதை உலகத்தில் முதல் ஆளாகப் பேச்சி வாசிக்கவேண்டும் என்று.

குரல் போனது அவளுக்கு அந்த வகையில் சௌகரியமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நெசவாளர் தெருவில், வேப்பமரத்துக்கும் அடிபம்புக்கும் நடுவில், யாருடைய போனிலிருந்தும் இல்லாமல், வெறும் காற்றில், "வெயில் தாழ்ந்திருச்சு, வாங்க, செத்த நேரம் உக்காருங்க" என்று அது கேட்டது.

உட்கார்ந்தார்கள். வேறு என்ன செய்வது? தெரிந்த குரல், பதினோரு வருஷத்துப் பழக்கம். நாற்பது நிமிஷம் பேசியது, போன வருஷம் உலகம்மாள் காசிக்குப் போய் செருப்பைத் தொலைத்த கதையைச் சொன்னது, சிரித்தது, போய்விட்டது. அடிபம்புக்காரி ஒருத்தி மட்டும் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "போன வாரத்துக்கு இந்த வாரம் தெளிவா இருக்கு, ஒயர்ல கேக்கும்போது ஒரு இரைச்சல் இருக்கும்லா" என்றாள்.

மறுவாரம் சண்டை வந்தது. நெசவாளர் தெருவுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று சர்ச் தெரு கேட்டது, பஸ் ஸ்டாண்டுத் தெருவில் குரலை வரவேற்று ஃபிளக்ஸ் அடித்துவிட்டார்கள். திருவிழாக் கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினார் தலையிட வேண்டியதாயிற்று. காப்பித்தூள் கடை வைத்திருக்கிறவர், எதையும் கமிட்டி போட்டுத்தான் செய்வார், வீட்டில் மாவடு போடுவதற்கும் அவர் கமிட்டி போடுவதாக அவர் சம்சாரம் சொல்லுவாள். அவர் எல்லாத் தெருக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "அம்மனுக்குப் பங்குனியில பத்து நாளைக்குப் பத்துத் தெரு மண்டகப்படி இருக்கா இல்லையா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தெருவு சாமியக் கூப்பிட்டு வச்சு சிறப்புச் செய்யுதோம்லா? அதே முறைதான். பத்து வெள்ளிக்கிழமை, பத்துத் தெரு. போன ரெண்டு வாரம் நெசவாளர் தெருவு கணக்குல ஒண்ணுன்னு வச்சுக்கிடுவோம். முறை மாறிப் பேசுனா கொரலே கோவிச்சுக்கிட்டுப் போயிரும்" என்றார். 

அப்படித்தான் குரலுக்கு மண்டகப்படி தொடங்கியது. முறைத் தெருவில் வெள்ளிக்கிழமை காலையிலேயே தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, மாவிலை கட்டி, நடுவில் ஒரு நாற்காலியும் அதற்குப் பக்கத்தில் ஒரு டம்ளரில் பனங்கற்கண்டுப் பாலும் வைத்தார்கள். பால் குறையாது, ஆடை படிந்து அப்படியே இருக்கும், கடைசியில் தொண்டை கட்டிய யாராவது எடுத்துக் குடிப்பார்கள். பள்ளிவாசல் தெருவில் பாத்துமுத்து சாச்சி ஏலக்காய் டீ வைத்தாள், அன்றைக்குக் குரல் கொஞ்சம் கணீரென்று இருந்ததாகச் சொன்னார்கள். சர்ச் தெருவில் பாவம் வேர்க்குமே என்று டேபிள் ஃபேன் வைத்தார்கள், காற்றில் பாதிப் பேச்சு அடுத்த தெருவுக்குப் போய்விட்டதால் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். துபாய்ப் பிள்ளைகள் அம்மாமாருக்கு வீடியோ கால் போட்டு, "போனை நாற்காலிக்கிட்ட வைம்மா" என்று கெஞ்சினார்கள். மற்ற ஆறு நாளும் அது எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, சாமியிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது.

நாலாவது மண்டகப்படி தெற்குத் தெருவுக்கு. அந்த வாரம் பார்த்து அங்கே ஒரு சாவு. துஷ்டி விழுந்த தெருவுக்குக் குரலைக் கூப்பிடலாமா என்று கமிட்டி கூடி ஒரு மத்தியானம் முழுக்கப் பேசி, கூப்பிட வேண்டாம், அதுவாக வந்தால் தடுக்கவும் வேண்டாம் என்று முடிவு செய்தது. நாலு மணிக்குக் குரல் வந்தது. புருஷனைப் பறிகொடுத்த அந்த அம்மா பக்கத்தில் போய், "அக்கா" என்று ஒரு வார்த்தை சொன்னது, பிறகு நாற்பது நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போயிற்று. இந்தப் பதினோரு வருஷத்தில் இதுபோல ஒன்றைக் கேட்டதில்லை என்று தெற்குத் தெருக்காரர்கள் இன்றைக்கும் சொல்லுகிறார்கள்.

பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் வந்து சொல்லுகிற மாதிரி உலகம்மாளிடம் வந்து சொன்னார்கள். "ஒங்க கொரல் எங்க தெருவுல சௌக்கியமா இருக்குக்கா, நீங்க வெசனப்படாதீங்க." அவள் தலையை ஆட்டிச் சிரிப்பாள். தளவாய் ஒரு வெள்ளிக்கிழமை விடாமல் போய் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். பொண்டாட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் பொண்டாட்டியின் குரலைக் கேட்கப் போகிறோமே என்று அவருக்கே வெட்கம், ஆனால் என்ன செய்ய, இருபத்துமூன்று வருஷம் "ஏங்க" என்று கூப்பிட்ட குரல், அதைக் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

உலகம்மாள் பஞ்சு அறையில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் வெயில் சாய்கிற வரை எழுதினாள். எழுத்து அவளைப் படாத பாடு படுத்தியது. முதல் வாரம் என்ன எழுதினாலும் "வணக்கம் மக்களே" என்று தொடங்கியது, அடித்தாள். பேசும்போது ஒரு பெருமூச்சு விட்டால் கேட்கிறவர்களுக்கு மீதி புரிந்துவிடும், தாளில் பெருமூச்சை எங்கே வைப்பது? சிரித்துச் சமாளித்து வந்த இடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. கொய்யா மரத்துக் கதையை எழுதியபோது, மேலே இருந்தவளுக்குக் கீழே கத்துகிறவரின் வாய் எப்படித் தெரிந்திருக்கும் என்று முதல்முறையாக யோசித்தாள், யோசித்ததும் அது சிரிப்புக் கதையாக இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாள் அரைப்பக்கம். இருந்தாலும் எழுதினாள். நாற்பத்தோரு கதையையும் பேச்சி இருந்த இடத்தில் போய் நின்று திரும்ப எழுதினாள். நாற்பத்திரண்டாவதாக ஒன்று இருந்தது, அதை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

அஞ்சாவது மண்டகப்படி முடிந்து வந்த தளவாய், "கொரலு பின்னால பின்னால போகுதுளா" என்றார். "மொத வாரம் காசிக்குப் போன கதை. அப்புறம் நாம கடை தொறந்தது. இன்னைக்கு நம்ம கல்யாணத்துல பந்தல் சரிஞ்சதச் சொல்லுச்சு. சொன்னத ஒண்ணயும் சொல்ல மாட்டேங்கு, எல்லாம் நீ மைக்குல சொல்லாத கதை." உலகம்மாள் விரல் விட்டு எண்ணினாள். இந்த வேகத்தில் போனால் பத்தாவது வெள்ளிக்கிழமை குரல் அவளுடைய பதினோராவது வயதுக்குப் போய்ச் சேரும். பத்தாவது மண்டகப்படி அச்சாபீஸ் தெருவுக்கு. அங்கேதான் பேச்சியின் கடை.

பதினோராவது வயதில் நடந்தது இது. ஆறு வயதுப் பேச்சியை வெளியூரில் காது கேளாத பிள்ளைகள் படிக்கிற விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனார்கள். அக்காளும் தங்கையும் மட்டும் பேசிக்கொள்கிற கைப்பாஷை ஒன்று அவர்களுக்கு உண்டு, வீட்டில் வேறு யாருக்கும் அது முழுக்கத் தெரியாது. அதனால் அம்மா உலகம்மாளைத்தான் கேட்டுக்கு முன்னால் நிறுத்தி, "எப்ப வருவீங்கன்னு கேட்டா சாயந்தரம்னு சொல்லு, இல்லைன்னா அழுது ஊரக் கூட்டிருவா" என்றாள். பேச்சி கேட்டாள். உலகம்மாள் உள்ளங்கையை நெற்றிக்கு மேலே வைத்து மெல்ல மார்பு வரைக்கும் இறக்கிக் காட்டினாள். வெயில் தாழ வருவோம். பேச்சி சிரித்துக்கொண்டு உள்ளே போனாள், ஏனென்றால் சொன்னது அக்காள். இவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள், திரும்பிப் போனது தீபாவளிக்கு. அந்தச் சைகை அதோடு அவர்கள் பாஷையிலிருந்து போயிற்று. சாயந்தரம் என்று சொல்லப் பேச்சி அதற்கப்புறம் விளக்கு சுவிட்சைப் போடுகிற மாதிரி விரலைத் தட்டுவாள். பாட்காஸ்டுக்குப் பெயர் வைக்கும்போது அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உலகம்மாளுக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. சாயந்தரம் என்றது தெரிந்தே சொன்ன பொய் என்று பேச்சிக்கும் ஒருவரும் சொன்னதில்லை, அம்மாவும் அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

நாற்பத்தோரு கதையை ஊர் வழியாகக் கடைசி ஆளாகத் தெரிந்துகொண்டவள் இதையும் அப்படித் தெரிந்துகொண்டால், அப்புறம் உலகம்மாளுக்குத் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இருக்காது. குரல் சொன்ன மறுநாளே யாராவது ஒருவர் பிரியமாக அந்த நோட்டில் எழுதிவிடுவார்கள்.

ஒன்பதாவது வெள்ளிக்கிழமை ரயில்வே கேட் தெருவில் குரல் போகும்போது, வழக்கத்துக்கு மாறாக, "அடுத்த வாரம் பேச்சியப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்த கதை" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. ஊருக்குச் சந்தோஷம், பேச்சி கதை என்றாலே அவர்களுக்கு உசிர். அச்சாபீஸ் தெரு மண்டகப்படிக்குப் பேச்சி கடை வாசலையே இடமாகக் குறித்தார்கள். உங்களுக்குக் கேட்காதே, சம்மதமா என்று ஆறுமுகநயினார் தயங்கித் தயங்கி எழுதிக் காட்டியதற்கு, "எனக்குக் கேக்காதுங்கிறதுக்காக என் தெரு முறையை விட்டுக்கொடுக்கணுமா?" என்று எழுதி, ஒன்பது வாரத்துக்கும் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவள் பத்தாவது நோட்டீசையும் அவளே அடித்துக் கொடுத்தாள்.

அந்த ஆறு நாளில் உலகம்மாள் எழுதியதைவிடக் கிழித்தது அதிகம். அம்மா சொல்லச் சொன்னாள் என்று எழுதினாள், கிழித்தாள். எனக்குப் பதினோரு வயசுதான் என்று எழுதினாள், கிழித்தாள். உன் நல்லதுக்குத்தான் என்று எழுதிப் பார்த்துத் தன்மேலேயே அருவருப்பு வந்து எழுந்து போய் முகம் கழுவினாள். வெள்ளிக்கிழமை விடிந்து இட்லி ஆறிக்கொண்டிருந்தபோது, "நான் உன்னிடம் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். அதற்கப்புறம் வந்தது. மூன்று மணிக்குப் பதினோரு பக்கம் முடிந்தது. தலையைக்கூட வாராமல் தாளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அச்சாபீஸ் தெருவுக்கு நடந்தாள்.

தெரு நிறைந்து இருந்தது. உலகம்மாள் கடை வாசலில் கிடந்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துத் திருப்பி, பின்பக்கம் எழுதி ஆறுமுகநயினாரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். "அண்ணாச்சி, இன்னைக்கு வாற கதைய எந்தங்கச்சி வாசிக்கிறதுக்கு முந்தி ஊர்ல யாரும் கேக்கக் கூடாது. கையெடுத்துக் கும்பிடுதேன்."

சலசலவென்று ஆகிவிட்டது. "காத்துல வார சத்தத்தக் கட்டியா போட முடியும்?" என்றார் ரயில்வே கேட்காரர். "எம்மவன் துபாய்ல லீவு சொல்லிட்டுப் போன்ல உக்காந்திருக்கான், அவனுக்கு என்ன பதில் சொல்ல?" என்றாள் ஒருத்தி. "கூப்பிட்டு வச்சுக் கேக்காம இருந்தா தெய்வக்குத்தம்லா" என்றார் இன்னொருவர்.

ஆறுமுகநயினார் கையைத் தூக்கினார். "எல, நான் ஒண்ணு கேக்கேன். மண்டகப்படிக்காரங்களுக்குக் குடுக்காம எந்த ஊர்லயாவது மத்தவனுக்குப் பிரசாதம் குடுத்திருக்கா? இன்னைக்கு மண்டகப்படி யாருது? பேச்சியம்மாளுது. அவளுக்குக் காதுல குடுக்க முடியாது, தாள்லதான் குடுக்கணும். அவ வாங்கிக்கிடுத வரைக்கும் நாம வாங்கப்புடாது. இதுல கமிட்டி கூட வேண்டிய சோலியே இல்ல." கமிட்டி கூட வேண்டியதில்லை என்று அவர் சொல்லி ஊர் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, இரண்டு கையாலும் தன் காதை இறுகப் பொத்தினார்.

நெசவாளர் தெருக்காரி பொத்தினாள். பாத்துமுத்து சாச்சி முக்காட்டோடு சேர்த்துப் பொத்தினாள். துபாய்க்காரனின் அம்மா, "ராசா, அப்புறம் பேசுதேன்" என்று போனை அணைத்துவிட்டுப் பொத்தினாள். கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளையின் காதை ஒரு கையால் மூடித் தங்கள் ஒரு காதைத் தோளில் அழுத்தி, மற்றக் காதுக்குப் பக்கத்திலிருந்தவளின் கையை வாங்கிக்கொண்டார்கள். எல்லோருக்கும் பின்னால் இருந்த தளவாய்தான் கடைசி. நாலு அடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டு பொத்தினார், அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

குரல் வந்தது. அன்றைக்கு அது என்ன சொன்னது என்று ஆவுடையாபேரியில் ஒருவருக்கும் தெரியாது.

கடைக்குள் பேச்சி கம்ப்யூட்டரில் ஏதோ கண்ணீர் அஞ்சலி அடித்துக்கொண்டிருந்தாள். அக்காள் வந்து நின்றதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். உலகம்மாள் பதினோரு தாளையும் விசைப்பலகையின் மேலேயே வைத்தாள். பேச்சி தாளைத் தள்ளப் போனாள், முதல் வரியில் கண் பட்டது, கை நின்றுவிட்டது.

முதல் மூன்று பக்கத்தைப் பிழை திருத்துகிற வேகத்தில் வாசித்தாள். நாலாவதில் நிதானமானாள். ஏழாவது பக்கத்தில் வெகுநேரம் நின்றாள், அந்தப் பக்கத்தில்தான் கேட்டுக்கு முன்னால் நின்ற உள்ளங்கை இருந்தது. உலகம்மாள் தங்கையின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தெருவைப் பார்த்தாள், வாசலில் பேசிக்கொண்டிருந்த தன் குரல்கூட அவள் காதில் ஏறவில்லை. பேச்சியும் ஒரு தடவை தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தாள். தெரு முழுக்க, தெருமுனை வரைக்கும், அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் கண்டாள். எதற்கு என்று அவளுக்கு யாரும் எழுதிக் காட்டவில்லை. அவளாகவே புரிந்துகொண்டாள்.

கடைசிப் பக்கம் முடிந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். எட்டாவது பக்கத்தைத் தேடி எடுத்து, "அன்று சாயங்காலம் நீ கேட்டில் நின்றிருப்பாய்" என்று உலகம்மாள் எழுதியிருந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். பக்கத்து ஓரத்தில் எழுதினாள்: "ஒரு சாயங்காலம் இல்லை. பத்தொன்பது. சும்மா நினைச்சு எழுதாதே. என்னைக் கேட்டு எழுது."

உலகம்மாள் அதை வாசித்துவிட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தாறு வருஷத்தில் அந்த கேட்டைப் பற்றி அவள் தங்கையிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பேச்சி எழுந்து போய் பிரிண்டரிலிருந்து வெள்ளைத் தாள் ஒரு கத்தையை உருவி எடுத்து வந்து அக்காள் மடியில் வைத்தாள், எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், கையைத் தூக்கி முதல் சாயங்காலத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டின் எத்தனையாவது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எந்தப் பஸ் வந்தது, அதிலிருந்து யார் யார் இறங்கினார்கள், இறங்காதவர்கள் யார். உலகம்மாள் எழுதினாள். தங்கையின் கைக்கும் தாளுக்குமாகக் கண் அலைந்தது, கண்ணீரில் எழுத்து கலங்கியது, துடைத்துக்கொண்டு எழுதினாள். வெளியே குரல் எப்போது ஓய்ந்தது என்று யாருக்கும் தெரியவில்லை, ஓய்ந்துவிட்டதா என்று பார்க்கக்கூட ஒருவரும் கையை எடுக்கவில்லை.

இரண்டாவது சாயங்காலத்தைச் சொல்லி முடித்துப் பேச்சி கொஞ்சம் நிறுத்தினாள், மேலே சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி. உலகம்மாள் தாளிலிருந்து பேனாவை எடுக்காமலே தலையை ஆட்டினாள், அப்போது மூன்று மாதமாகச் சத்தம் இல்லாமல் கிடந்த அவள் தொண்டையிலிருந்து, கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற மாதிரி, "ம்" என்று வந்தது. அது வந்தது அவளுக்கே தெரியவில்லை. பேச்சிதான் அக்காளின் கழுத்து அசைந்ததைக் கண்டு, சாய்ந்து, இரண்டு விரலை அவள் தொண்டைக்குழியில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் மூன்றாவது சாயங்காலத்தைச் சொன்னாள்.